சத்தியம் வாங்கிக்கொண்ட தேர்தல்

திருவாமாத்தூரில் அபிராமேசுவரர் கோயிலுக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் முத்தாம்பிகை கோயில். அங்குள்ள வட்டப்பாறையில் கை வைத்துப் பொய் சொன்னவன் பிழைக்க மாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கொடுக்கல் வாங்கல், பங்காளிச் சண்டை, வரப்புத் தகராறு எதுவானாலும் 'வா, வட்டப்பாறைக்குப் போலாம்' என்றால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். இங்கே சத்தியத்துக்குக் கூப்பிடுபவன் எதிராளி, அரசு அல்ல. வழக்கு முற்றிய பிறகுதான் சத்தியம். வாயைத் திறக்கும் முன்பே சத்தியம் கேட்கும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. 1967 தேர்தலை நான் அந்த வாசல் வழியாகத்தான் படிக்க விரும்புகிறேன்.

1967 பிப்ரவரியில் சென்னை மாநிலத்தில் நடந்தது போர்க்காலத் தேர்தல். இதைச் சொன்னால் பலரும் 'அப்ப எங்க போர் நடந்தது?' என்று கேட்கிறார்கள். சீனப் போரை ஒட்டி 1962 அக்டோபர் 26இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலை, துப்பாக்கிகள் ஒரு மாதத்தில் ஓய்ந்த பிறகும் 1968 ஜனவரி 10 வரை விலக்கப்படவே இல்லை. 1975ஐ மட்டும் நெருக்கடிநிலை என்று நினைவில் வைத்திருக்கிறோம். முந்தையதை மறந்ததற்குக் காரணம், அதன் நடுவில் ஒரு பெருவெற்றி கிடைத்துவிட்டதுதான்.

அன்றைய காங்கிரசின் ஆதிக்கம் வெறும் பெரும்பான்மையால் வந்ததல்ல. தென்னார்க்காடு அதை நன்றாக அறியும். 1952இல் எஸ்.எஸ். இராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பிடித்தன. இருவரும் சில ஆண்டுகளுக்குள் காங்கிரஸ் அமைச்சரவைகளில் உட்கார்ந்திருந்தார்கள். தோற்கடிக்க முடியாததை விழுங்கிக்கொள்வது, இது ஒரு வழி. 1962இல் 206 இடங்களில் காங்கிரசுக்கு 139, தி.மு.க.வுக்கு 50. விழுங்க முடியாத இந்த ஐம்பதுக்கு வேறு வழி தேவைப்பட்டது.

அதுதான் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம். 1963 அக்டோபர் 5இல் நடைமுறைக்கு வந்தது. அதே வாரத்தில்தான் காமராசர் விலகி, வாக்குச்சீட்டு எதுவும் இல்லாமலே பக்தவத்சலம் முதல்வரானார். அதுவரை வென்றவர்தான் சட்டமன்றத்தில் உறுதிமொழி எடுத்தார். திருத்தத்திற்குப் பின் வேட்பாளரே, மனுத்தாக்கலோடு, இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதி கூற வேண்டும். மறுத்தால் போட்டியிடத் தகுதியே கிடையாது. அதாவது பிரிவினைக் கோரிக்கை தேர்தலில் தோற்கடிக்கப்படவில்லை. தேர்தலுக்குள் நுழைய விடப்படவில்லை. தி.மு.க. 1963இலேயே திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. அது ராஜதந்திரமா சரணாகதியா என்ற பட்டிமன்றம் எனக்குச் சலிப்பூட்டுகிறது. மக்கள் முன் வைத்து ஏற்கவோ தள்ளவோ வேண்டிய ஒரு கேள்வி மனுத்தாக்கல் மேசையிலேயே தீர்க்கப்பட்டது என்பதல்லவா விஷயம்?

மறுபக்கம் இந்தியப் பாதுகாப்பு விதிகள். விசாரணையில்லாமல் உள்ளே வைக்கலாம். 1965 மொழிப் போராட்டத்தில் கருணாநிதி பாளையங்கோட்டையில் அடைக்கப்பட்டது இவற்றின் கீழ்தான். சீனாவுக்கென்று செய்த சட்டம் இந்தியை எதிர்த்தவன் மேல் பாய்ந்தது. அதே ஆண்டு மார்ச்சில் கேரளத்தில் மார்க்சிஸ்ட் கட்சி 133இல் 40 இடங்களுடன் முதலிடம் பெற்றது; வென்றவர்களில் பலர் சிறையில் இருந்தார்கள். அந்தச் சட்டமன்றம் கூடாமலே கலைக்கப்பட்டது. போர்க்கால வாக்குக்கு அவ்வளவுதான் மதிப்பு.

இங்கே 1967இல் என்ன நடந்தது? அரிசிப் பஞ்சம், மொழிப் போரின் ரணம், ராஜாஜியிலிருந்து மார்க்சிஸ்டுகள் வரை சேர்ந்த கூட்டணி. விருதுநகரில் காமராசர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார், ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம் தோற்றார். 234இல் தி.மு.க.வுக்கு 137. ஆனால் வாக்குக் கணக்கைப் பாருங்கள்: காங்கிரஸ் சுமார் 41 விழுக்காடு, தி.மு.க. அதற்குச் சற்றுக் குறைவு. காங்கிரசின் வாக்கு கரைந்துபோகவில்லை, எதிர்வாக்கு சிதறாமல் நின்றது, அவ்வளவே. இன்னொன்று, அண்ணாவை முதல்வராக்க எந்தச் சட்டமன்றத் தொகுதியும் வாக்களிக்கவில்லை. அவர் நின்றது தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில். பிறகு மேலவை வழியாக வந்தார்.

மார்ச் 6இல் பதவியேற்ற அந்த அரசு, பத்து மாதம் அதே நெருக்கடிநிலையின் கீழ்தான் ஆண்டது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் 1967 ஜூலையில் நிறைவேறியதும் அதற்குள்ளேதான். 'நாடு' என்ற சொல், கோரிக்கையாக வாசலில் விடப்பட்டு, பெயராக உள்ளே வந்தது. இதைச் சிறுமை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'வாக்குச்சீட்டு வென்றது' என்ற நம் கதையாடலில் அந்த வாசலுக்கு இடமே இல்லை என்பது உறுத்துகிறது.

நெருக்கடிநிலை 1968இல் போனது. உறுதிமொழி போகவில்லை. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இன்றும் மனுத்தாக்கல் செய்பவர், மாலையும் ஆட்களும் வெளியே நிற்க, தேர்தல் அதிகாரி நீட்டும் தாளைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார். கடவுள் பேரால் சொல்லலாம், உளமாரவும் சொல்லலாம். தெரிவு அந்த இடத்தில் மட்டும் உண்டு.