கேமரா கழுத்தில்... தலையில் என்ன?

"டாக்டர், முதல்ல இவரை அந்த கேமராவை வித்துடச் சொல்லுங்க!"

உள்ளே நுழையும்போதே அந்த அம்மா படபடத்தார். பின்னால் தலைகுனிந்தபடி கணவர். வயது 62. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

போன பங்குனியில் வேடந்தாங்கலுக்குப் பறவைகளைப் படம் பிடிக்கப் போயிருக்கிறார். காலை பத்து மணியிலிருந்து வெயிலில் நின்றவருக்கு, ஒரு மணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த ஒரு பையன் தாங்கிப் பிடித்ததால் கீழே விழாமல் தப்பித்தார். பங்குனி என்பது ஏட்டில்தான் பின்பனிக்காலம். வெயிலுக்கு அது தெரியுமா?

"என்ன உடுத்திக்கிட்டுப் போனீங்க?" என்று கேட்டேன்.

கறுப்பு பாலியெஸ்டர் டி-ஷர்ட், இறுக்கமான ஜீன்ஸ், அதற்கு மேல் பத்து பாக்கெட் வைத்த கோட்டு!

"தொப்பி?"

"கேமராவில் இடிக்குது சார். கழற்றிப் பையில வெச்சுட்டேன்."

"தண்ணி?"

"அடிக்கடி பாத்ரூம் போகணுமேன்னு குடிக்கலை."

"அம்மா, குற்றவாளி கேமரா இல்லை. உடையும் தண்ணீரும்தான்" என்றேன். அவருக்குச் சொன்னது உங்களுக்கும் உதவும்.

சட்டை: தொளதொளவென்ற முழுக்கைப் பருத்திச் சட்டைதான் நல்லது. வியர்வை ஆறினால்தான் உடம்பின் சூடு தணியும். கறுப்பு, வெயிலை உள்ளே இழுக்கும். பளிச்சென்ற வெள்ளை, பறவையை மிரட்டும். காக்கி, வெளிர் பச்சை இரண்டுக்கும் பொருந்தும்.

தொப்பி: முன்பக்கம் மட்டும் நீட்டிய தொப்பி காதையும் பிடரியையும் காப்பாற்றாது. சுற்றிலும் மூன்று அங்குல விளிம்புள்ள மெல்லிய துணித்தொப்பி வாங்குங்கள். படம் எடுக்கும்போது முன்விளிம்பை மட்டும் மடக்கிக்கொள்ளலாம். காற்றில் பறக்காமல் இருக்கத் தாடைக்கு நாடா வேண்டும். அது கிடைக்காவிட்டால், நம் தாத்தாக்களின் முண்டாசு இருக்கவே இருக்கிறது! பிடரியில் ஒரு ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

கால்: தளர்வான பருத்திப் பேன்ட், மூடிய ஷூ. முள்ளுக்கும் பூச்சிக்கும் அதுவே காவல்.

பாரம்: கேமரா வாரைக் கழுத்தில் தொங்கவிடாமல், தோளுக்குக் குறுக்கே பூணூல் மாதிரி போடுங்கள். கழுத்துவலி குறையும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீரோ நீர்மோரோ குடித்துக்கொண்டே இருங்கள். ரத்தக்கொதிப்பு, இதயம், சிறுநீரகத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பதினோரு மணிக்குள் வேலையை முடித்துவிடுவது உத்தமம். படத்துக்கும் காலை வெளிச்சம்தான் அழகு!

ஒரு எச்சரிக்கை. வெயிலில் ஒருவர் உடம்பு கொதித்து, பேச்சு குழறினால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கி வந்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

தை மாதம் இருவரும் மறுபடி வந்தார்கள். கையில் ஒரு படம். குஞ்சுக்கு இரை ஊட்டும் நாரை!

"பிரமாதம் சார்!" என்றேன்.

"நான் எடுக்கலை டாக்டர், இவங்கதான்!" என்று மனைவியைக் காட்டினார்.

அந்த அம்மாவுக்கும் ஒரு தொப்பி வாங்கியாகிவிட்டதாம்!