வருஷ முடிவில் கிராமப் பாடசாலை

சித்திரை வெயில் ஏறும் சமயத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலுள்ள ஆரம்பப் பாடசாலைகள் தம் வருஷத்தை முடித்துக்கொள்கின்றன. அந்நாட்களில் வெளிவரும் பத்திரிகைகளைப் புரட்டினால், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையைப் பற்றியும், அதில் எந்த ஜில்லா முதலில் நிற்கும் என்பதைப் பற்றியும் பத்தி பத்தியாகப் படிக்கலாம். ஐந்து வகுப்புகளையும் இரண்டு உபாத்தியாயர்களையும் கொண்ட ஓர் ஊராட்சி ஒன்றியப் பாடசாலை தன் வருஷத்தை எவ்வாறு முடித்தது என்று எழுதுவார் அரியர். பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளெல்லாம் வானத்திலிருந்து குதித்தவர்கள் போலும்! அக்குறையைச் சிறிதேனும் போக்கக் கருதியே நாம் இதனை எழுதப் புகுந்தோம்.

கடைசி வாரத்தில் அத்தகைய பாடசாலை ஒன்றில் நுழைவோர்க்குக் கண்ணுக்கினிய காட்சிகள் பல உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தம்முள் காசு சேர்த்து மிட்டாயும், உபாத்தியாயருக்கு ஒரு பேனாவும் வாங்கி வருவார்கள். சுவரில் ஒட்டியிருந்த படங்களுக்கு ஒன்றாம் வகுப்புச் சிறுவர்கள் போட்டியிடுவார்கள். சத்துணவு சமைக்கும் அம்மாள் பாத்திரங்களை எண்ணித் துலக்கிக் கவிழ்த்து வைப்பார். தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழ்களில் பிறந்த தேதியை இரு முறை சரிபார்த்துக் கையொப்பமிட்டுக்கொண்டிருப்பார். ஆறாம் வகுப்புக்கு அடுத்த ஊர் செல்ல வேண்டுமே, பெண் தனியாக நடப்பாளா, துணைக்கு வேறு யார் போகிறார்கள் என்று ஒரு தாய் வாசற்படியில் நின்று விசாரித்துக்கொண்டிருப்பாள். ஊரின் எல்லாத் தெருக்களும் அன்று அவ்வாசலில் சந்திக்கின்றன. கோயிலிலும் குளத்திலும் இன்னும் மனமொத்துக் கூடாத தெருக்கள் இங்கே கூடுகின்றன என்றால், அது சிறிய விஷயமன்று.

பாடசாலைக்கும் ஊருக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்த காலத்தில் நவராத்திரியே உபாத்தியாயரின் அறுவடைக் காலம். பிள்ளைகள் கோலாட்டக் கோல்களுடன் வீடுதோறும் பாடிச் சென்று, கிடைத்ததை அவரிடம் சேர்ப்பார்கள். விஜயதசமியன்று புதுப் பிள்ளைகள் சேருவார்கள். ஊர், தான் பெற்ற கல்விக்குத் தானே கூலி கொடுத்தது. இதை நினைத்துப் பெருமூச்சு விடும் பெரியவர்கள் சிலர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நாமும் பெருமூச்சு விட இயலாது. அத்திண்ணைகளில் ஏறுவதற்கு ஊரின் பல தெருக்களுக்கு அனுமதி கிடையாது. பெண் குழந்தைகளைக் காண்பதோ அதனினும் அரிது.

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்கார வைக்க முற்பட்டது பிற்காலத்து முயற்சி. அதற்குப் பாடப் புத்தகத்தைவிடச் சோறே முன்னின்று வழி திறந்தது. 1920-ஆம் ஆண்டில் ஸ்ரீ தியாகராய செட்டியார் தலைமையில் சென்னை நகரசபை, ஆயிரம் விளக்கிலுள்ள பாடசாலையில் பகலுணவு அளிக்கத் தொடங்கிற்று. 1956-ல் காமராஜர் அதனை ராஜ்யத்தின் பாடசாலைகளுக்கு விரித்தபோது, செலவில் ஒரு பங்கை ஊராரே ஏற்றனர். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. கல்வி இலாகாவின் தலைவராயிருந்த ஸ்ரீ நெ. து. சுந்தரவடிவேலு அவற்றை முன்னின்று நடத்தினார். நிலமும், கட்டடமும், பெஞ்சும், கரும்பலகையும், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் ஊராரால் வந்து குவிந்தன. சர்க்கார் கஜானா எட்டாத இடத்தில் ஊரின் கை எட்டிற்று. பின்னர் 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டி தொடங்கி, 2023-ல் எல்லா அரசு ஆரம்பப் பாடசாலைகளுக்கும் பரவிற்று. இப்பொழுது செலவைச் சர்க்காரே தாங்குகிறது. அது நியாயமே. ஆயினும் கஜானா ஓரடி முன்வந்தபோதெல்லாம் ஊர் ஓரடி பின்வாங்கியது என்பதை மறைப்பதற்கில்லை.

இன்று ஊரார் பாடசாலைக்குள் கூட்டமாக வருவது ஆண்டு விழாவன்று ஒரு நாள்தான். விழாவை நாம் குறை கூறவில்லை. கும்மியும் ஒயிலும் சிலம்பமும் ஆடும் பிள்ளைகளைக் கண்டு, வயலிலிருந்து நேரே வந்து நிற்கும் தாய் தகப்பன்மார் அடையும் ஆனந்தம் வேறெந்த மேடையிலும் கிடைக்காது. வகுப்பில் வாய் திறவாத குழந்தை அன்று ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டுத் தலை நிமிர்கிறது. ஆனால் ஐந்து மணிக்கென்று அச்சிட்ட விழாவிற்குப் பிரமுகர்கள் ஏழரை மணிக்கு எழுந்தருளுவதும், முகத்தில் பூசிய சாயம் வேர்வையில் வழியப் பிள்ளைகள் பசியுடன் ஓரத்தில் குந்தியிருப்பதும், பிறகு பொன்னாடைகளும் சொற்பொழிவுகளுமாக ஒன்றரை மணி நேரம் கழிவதும் எதற்காக? நமது நேயர்களுள் பலர் அத்தகைய மேடைகளில் உட்காருகிறவர்கள். பொன்னாடையைக் கையிலே வாங்கிக்கொண்டு கீழே இறங்கி உட்கார்ந்தால், விழா ஒரு மணி நேரம் முன்னதாக முடியும். குழந்தைகளும் வேளையோடு உண்டு உறங்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு மேலாண்மைக் குழு இருக்கவேண்டும் என்கிறது. தனிப்பட்டோர் உதவி பெறாமல் நடத்தும் பாடசாலைகளுக்கு மட்டுமே விலக்கு. அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராயிருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாயிருக்க வேண்டும். பாடசாலை நடக்கும் விதத்தைக் கவனிப்பதும், வந்த பணம் செலவான வகையைப் பார்ப்பதும், அபிவிருத்தித் திட்டம் வகுப்பதும் அதன் கடமை. கூலி வேலை செய்யும் ஒரு தாய் பாடசாலையின் கணக்கைக் கேட்கலாம் என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறது. இதைக் காட்டிலும் சுயராஜ்யம் என்ற சொல்லுக்கு நெருங்கிய பொருள் கிராமத்தில் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் எத்தனை ஊர்களில் அத்தாய் கேட்கிறாள்? வீட்டுக்குக் கொண்டுவந்த நோட்டில் கையொப்பம் வாங்கிச் செல்லும் கூட்டங்களும் உண்டு என்பது கிராமங்களில் பழகியவர்கள் அறிந்ததே. ஆண்டு விழா மேடையில் முதலாவதாக, சினிமாப் பாட்டுக்கும் முன்னதாக, குழுவின் தலைவி எழுந்து அவ்வருஷத்துக் கணக்கை வாசிக்கட்டும். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள், கழிப்பிடத்திற்குத் தண்ணீர் வருகிறதா, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் தட்டின்றிப் படிக்கிறார்கள் என்பதை ஊர் கேட்கட்டும். உபாத்தியாயர்கள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. குறை எங்கே இருக்கிறதென்று ஊருக்குத் தெரிந்தால், அவர்கள் தனியே சுமக்கும் பாரத்தில் பாதி குறையும்.

மற்றொரு கணக்கும் உண்டு. அதே சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரையில் உள்ள ஆரம்பப் பாடசாலைக்கு இரண்டு உபாத்தியாயர்கள். 61 முதல் 90 வரையில் மூவர். ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தினால், ஒருவர் ஒன்றுக்கும் இரண்டுக்கும் சொல்லிக்கொடுக்கையில் மற்றவர் மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்க்க வேண்டும். ஒருவர் கூட்டத்திற்கோ பயிற்சிக்கோ சென்றுவிட்டால் ஐந்தும் ஒருவர் தலையில். பிள்ளைகள் குறைந்தால் உபாத்தியாயர்கள் குறைவர். உபாத்தியாயர்கள் குறைந்தால் இருக்கும் பிள்ளைகளும் வெளியேறுவர். ஆகவே 61-ஆவது பிள்ளை ஒரு பிள்ளை மட்டுமன்று. அது மூன்றாவது உபாத்தியாயரைக் கையைப் பிடித்து அழைத்துவரும் பிள்ளை.

அப்பிள்ளை எங்கே? காலை ஏழரை மணிக்கு மஞ்சள் வண்டி ஏறி டவுனுக்குப் போகிறது. ஆங்கிலம் வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோரை நாம் மூடர் என்று சொல்லமாட்டோம். அரைப்பட்டினி கிடந்து சம்பளம் கட்டும் தகப்பனின் கவலை உண்மையானது. நாம் கேட்பது வேறு. விழா மேடையில் தாய்மொழிக் கல்வியின் மேன்மையை முழங்கிவிட்டு இறங்கும் தேசத் தொண்டரின் குழந்தை எந்தப் பாடசாலைப் பதிவேட்டில் இருக்கிறது? ஏப்ரல், மே மாதங்களில் உபாத்தியாயர்கள் வெயிலில் வீடு வீடாகச் சென்று பிள்ளை கேட்கிறார்கள். அவர்களோடு ஊர்ப் பிரமுகர் ஒருவர் நடந்தால், அதிலும் தம் பிள்ளையை முதலில் சேர்த்துவிட்டு நடந்தால், பத்துச் சொற்பொழிவுகள் செய்யாததை அது செய்யும்.

வசதியுள்ள தெரு வெளியேறிவிட்டால் மிஞ்சுவது ஏழைத் தெரு மட்டுமே. அப்பொழுது பொதுப் பாடசாலை என்ற பெயர் இருக்கும், பொருள் போய்விடும். இது வீண் அச்சமன்று. 2023-ல் காலைச் சிற்றுண்டி விரிவடைந்த சில நாட்களுக்குள், கரூர் ஜில்லாவில் ஒரு கிராமத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். ஜில்லா கலெக்டரே நேரில் சென்று தலையிட வேண்டியதாயிற்று. 1924, 1925-ஆம் ஆண்டுகளில் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளைத் தனியே உண்ண வைத்த விவகாரம் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே கலக்கியதை நேயர்கள் அறிவார்கள். ஒரு நூற்றாண்டு சென்ற பின்னும் அதே சண்டை சிற்றுண்டித் தட்டுக்கு வந்திருக்கிறது! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: ஒரே பந்தியில் வருஷம் முழுவதும் உண்ட குழந்தைகள் தாமாக இதைத் தொடங்குவதில்லை. பெரியவர்கள் வந்துதான் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

பந்தியைப் பற்றிப் பேசினோம். பாடசாலை மூடும் நாளன்று அப்பந்தியும் எழுந்துவிடுகிறது. காலையில் பொங்கலும் உப்புமாவும், பகலில் சோறும் முட்டையும் உண்ட குழந்தைக்கு மே மாதத்தில் என்ன கிடைக்கிறது? தாய் நூறு நாள் வேலைக்கோ செங்கற்சூளைக்கோ போனால், பழைய சோறு இருந்தால் உண்டு; இல்லையேல் டீயும் பிஸ்கோத்தும். வறட்சி பாதித்த பிரதேசங்களில் கோடை விடுமுறையிலும் பாடசாலை உணவு அளிக்கப்பட வேண்டுமென்று 2004 ஏப்ரலிலேயே சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. பசிக்கு வறட்சிப் பிரதேசம், செழிப்புப் பிரதேசம் என்ற பேதம் தெரியாது. சர்க்கார் இதை எல்லா இடத்திற்கும் விரிக்க வேண்டுமென்று கேட்போம். கேட்டுக்கொண்டிருக்கையில் நம்மால் ஆவதைச் செய்யலாகாதா? கோயில் திருவிழாவில் அன்னதானத்திற்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுக்கும் ஊர்கள் இவை. முப்பது நாற்பது குழந்தைகளுக்கு ஒரு வேளை கஞ்சியும் துவையலும் கொடுப்பது அத்தகைய ஊருக்குப் பெரிய காரியமன்று. அங்கேயே வேப்ப மர நிழலில், படித்து வேலையின்றி இருக்கும் வாலிபர்கள் ஒரு மணி நேரம் கதைப் புத்தகம் படித்துக் காட்டினால், கற்ற எழுத்துக்கள் ஜூன் வரையில் மறவாமல் நிற்கும்.

இதற்கு அடுப்பு இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, சமைத்துப் பழகிய கையும் அதே ஊரில் இருக்கிறது. சமையற்கூடத்துச் சாவி மட்டும் தலைமை ஆசிரியரிடம் இருக்கும். மேலதிகாரியின் அனுமதி பெற்று அதை வாங்கித் தரும்படி, மேலாண்மைக் குழு ஏப்ரல் மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மே பிறந்த பின் தேடினால் அவர் ஊரில் இருக்கமாட்டார்.