எலிக்காய்ச்சல்: உடலின் காவல் ஏமாறும் இடம்

மாத்தளை வயற்காரருக்கு எலிக்காய்ச்சல் புதிய பெயரல்ல. 2008இல் இலங்கையில் 7000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. மொரகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காகச் சொந்த ஊரைவிட்டு வந்து, புதுக் காணியில் வரம்பு கட்டிய குடும்பங்கள் இதனை நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

லெப்டோஸ்பைரா என்னும் பற்றீரியாவே இந்நோய்க்குக் காரணம். எலி, மாடு, எருமை ஆகியவற்றின் சிறுநீரோடு வெளியேறி, சேற்றிலும் தேங்கிய நீரிலும் இது உயிர்வாழும். கால்வெடிப்பு, கீறல், கண் வழியாக எமது உடலினுள் புகும்.

எமது வெண்குருதிக் கலங்கள் காவற்காரர் போன்றவை. பல பற்றீரியாக்களின் மேலுறையில் கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த ஒரு பொருள் உண்டு. அதனைத் தொட்டறியும் வாங்கிகள் இக்கலங்களில் இருக்கின்றன. தொட்டவுடன் கலங்கள் விழித்தெழுந்து, இரசாயனச் செய்திகளை அனுப்பிப் போருக்கு ஆள் திரட்டும். காய்ச்சல் அப்போரின் அடையாளமே. இவ்வாங்கியைக் கண்டறிந்த புரூஸ் பொய்ட்லர் 2011இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர்.

லெப்டோஸ்பைராவின் மேலுறையோ சற்று வேறுபட்டது. சுண்டெலியின் வாங்கி அதனை இனங்காண்கிறது. மனிதரின் அதே வாங்கி இனங்காண்பதில்லை. வேறு வாங்கிகள் பகைவனைக் கண்டுகொண்டாலும், முதற்காவலைக் கடந்த கிருமி குருதியில் பரவ வழி பிறக்கிறது. பின்னர் எழும் போர் அளவுமீறினால் சிறுநீரகமும் நுரையீரலும் சேதமடையலாம். மேலுறை இனத்துக்கு இனம் மாறுவதால், ஒருமுறை நோய் கண்டவருக்கு மறுமுறை வராது என்பதற்கும் உறுதியில்லை.

ஆகவே உடல் தானே பார்த்துக்கொள்ளும் என்று நாம் காத்திருக்கலாகாது. கூலி போய்விடுமே என்று இரண்டு நாள் பொறுப்பவர் உயிரையே பணயம் வைக்கிறார். வயலில் இறங்கிச் சில நாட்களிலோ, ஓரிரு வாரங்களிலோ காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண்சிவப்பு கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்வோம். "வயலில் வேலை செய்தேன்" என்பதை வைத்தியரிடம் மறவாமல் சொல்வோம். சிறுநீர் குறைந்தால் ஒரு நாளும் தாமதியோம்.

விதைப்புக்கும் அறுவடைக்கும் முன்பு பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, தடுப்பு மாத்திரையான டொக்சிசைக்கிளின் பற்றிக் கேட்போம். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் வைத்தியர் சொல்லாமல் அதனை எடுக்கலாகாது. காயத்தை மூடிக் கட்டுவோம். வரம்புப் புதரை வெட்டுவோம். அயலவர் காய்ச்சலோடு படுத்திருந்தால் அவரை அழைத்துச் செல்வதும் எமது கடமையே.