உப்பளமும் நூலகமும்: அருட்பணிக்கு ஆயத்தமாக்கும் இறையியல் கல்வி

வண்டலூரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை கேளம்பாக்கத்தில் பழைய மாமல்லபுரம் சாலையைச் சென்றடைகின்றது. அங்கு நின்று நோக்குவோர்க்கு நம் காலத்தின் முழு வடிவமும் ஒருசேரத் தோன்றும். கிழக்கே உப்பங்கழியும் உப்பளப் பாத்திகளும். அதற்கப்பால் கோவளத்து மீனவர் குடியிருப்புகள். வடக்கே சிறுசேரியின் கணினி நிறுவனங்கள். இடையே வானளாவிய அடுக்குமாடி வீடுகளும் அவற்றைக் கட்டியெழுப்ப வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரின் தகரக் கொட்டகைகளும். இத்தகைய ஓரிடத்திற்கு நாளை ஓர் இளம் ஆயர் அனுப்பப்படுவாராயின், அவர் தம்மோடு எதனைக் கொண்டு செல்லவேண்டும்? இறையியல் கல்வியைப் பற்றிய வினா இறுதியில் இதுவேயாகும்.

1. இருவகை ஐயங்கள்

இறையியல் கற்க முன்வரும் மாணவர் இரு திசைகளிலிருந்து எழும் ஐயங்களைக் கேட்கிறார். சபை மக்களுள் சிலர், "அழைப்பு இருந்தால் போதாதா? கல்வி ஆவியின் அனலை அவித்துவிடுமே" என்பர். படித்த உறவினரோ, "இத்தனை ஆண்டுகள் படித்து எளிய ஊரொன்றில் போதகராக இருப்பதற்கா?" என வினவுவர். முதல் ஐயம் கல்வியை விசுவாசத்தின் பகையெனக் கருதுகிறது. இரண்டாவது, கல்வியை மேலேறிச் செல்லும் ஏணியெனக் கருதுகிறது. இரண்டும் கல்வியின் நோக்கத்தை அறியாமையால் எழுவன.

அப்போஸ்தலர் நடபடிகள் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் அப்பொல்லோவை நாம் நினைவிற்கொள்வோம். அவர் வேதாகமத்தில் வல்லவர்; ஆவியில் அனலுள்ளவர். ஆயினும் அவருடைய அறிவில் ஒரு குறை இருந்தது. அதனை நிறைவு செய்தவர்கள் கூடாரத் தொழிலாளரான பிரிஸ்கில்லாவும் ஆக்கில்லாவும் ஆவர். அவர்கள் அவரைச் சபையார் முன் வெட்கப்படுத்தவில்லை. தம்மிடம் அழைத்துச் சென்று தேவனுடைய மார்க்கத்தை அதிக நுட்பமாக எடுத்துரைத்தனர். அனல் இருந்தும் கற்கவேண்டியிருந்தது என்பது முதல் ஐயத்திற்கு விடை. கற்றவர் தொழிலாளரிடம் மாணவராக அமர்ந்தார் என்பது இரண்டாவதற்கு விடை.

2. தரங்கம்பாடி தரும் பாடம்

தமிழகத்தில் சீர்திருத்தச் சபையாரின் இறையியல் கல்வி எங்ஙனம் தொடங்கிற்று? 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, கற்பிக்குமுன் கற்றார். சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துக்களை எழுதிப் பழகினார். தமிழ் ஓலைச்சுவடிகளைத் திரட்டினார். இந்நாட்டு மக்களின் சமய நம்பிக்கைகளை ஆராய்ந்து, 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றைக் குறித்து விரிவான நூலொன்றை எழுதி முடித்தார். ஐரோப்பாவிலிருந்த அவருடைய மேலாளர்கள் அதனை அச்சிட விரும்பவில்லை. புறச்சமயத்தை அகற்ற அனுப்பப்பட்டவர் அதனை விளக்கி எழுதுவது தகாதென அவர்கள் எண்ணினர். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறிற்று. எழுதியவர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகவிருந்தது.

தாம் பணிபுரியும் மக்களை அறிவதும் இறையியலே என ஒருவர் கண்டார், அனுப்பியவர்கள் காணவில்லை. இவ்விரு நோக்குகளுக்கும் இடையிலான போராட்டம் இன்னும் நம் பாடத்திட்டங்களில் ஓயவில்லை.

அக்காலத்திய பயிற்சியின் கனி ஆரோன் ஐயர். 1718இல் திருமுழுக்குப் பெற்ற அவர், உபதேசியாராகப் பல்லாண்டுகள் பணியாற்றிய பின்னரே, 1733ஆம் ஆண்டு டிசம்பரில் திருநிலைப்படுத்தப்பட்டார். சீர்திருத்தச் சபையின் முதல் இந்திய ஆயர் அவரே. திருமுழுக்கிற்கும் குருப்பட்டத்திற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள்! அவற்றுள் பெரும்பகுதி மக்களிடையே நடந்தும் உரையாடியும் கழிந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

3. தாம்பரம் 1938

கேளம்பாக்கத்திற்கு அணித்தேயுள்ள தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் புதிய வளாகத்தில், 1938 டிசம்பரில் அகில உலக மிஷனரி மன்றத்தின் மாநாடு நடைபெற்றது. ஜான் மாட் தலைமை தாங்கினார். ஆசிய, ஆப்பிரிக்கச் சபைகளின் பேராளர்கள் பெருந்தொகையினராக வந்திருந்தனர். டச்சு அறிஞர் கிரேமர் இம்மாநாட்டிற்கென எழுதிய நூலைப் பற்றிய விவாதத்தை நாம் பெரும்பாலும் அறிவோம். பிற சமயங்களுக்கும் நற்செய்திக்கும் தொடர்பின்மையை அவர் வலியுறுத்தினார். சென்னையைச் சேர்ந்த செஞ்சையா, சக்கரை முதலியோர் அதே ஆண்டில் வெளியிட்ட தொகுப்பு நூலில் வேறு வழியைக் காட்டினர். இவ்விருவரும் திருப்பணிவிடையாளர் அல்லர், சட்டம் பயின்றவர்கள் என்பதை மறத்தலாகாது. இறையியல் சிந்தனை ஆயர்களின் தனியுடைமையன்று.

ஆனால் அம்மாநாட்டின் மற்றொரு முடிவைப் பலர் அறியார். இளைய சபைகளின் இறையியல் கல்வி அப்போதிருந்த நிலை, கிறிஸ்தவப் பணி முழுவதிலும் காணப்படும் மிகப் பெரிய குறைகளுள் ஒன்று என மாநாடு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதன் விளைவாக 1940களில் சார்லஸ் ரான்சன் இந்தியாவில் ஊழியர் பயிற்சியைக் குறித்து விரிவாக ஆய்ந்தார். கானாவில் 1957-58இல் கூடிய அதே மன்றத்தின் பேரவை, இறையியல் கல்விக்கென 40 இலட்சம் டாலர் நிதியொன்றை நிறுவியது. ரான்சனே அதன் முதல் இயக்குநரானார். 1972 அளவில் அந்நிதியத்தின் கவனம் கட்டடங்களையும் நூலகங்களையும் கடந்து, 'சூழலமைவு' என்னும் கருத்தினை நோக்கித் திரும்பிற்று. நற்செய்தி எந்த மண்ணில் விதைக்கப்படுகிறதோ அந்த மண்ணின் வினாக்களுக்கு இறையியல் விடைகாண வேண்டும் என்பதே அதன் பொருள். சீகன்பால்கின் ஓலைச்சுவடிகளுக்கு உலகச் சபை வந்து சேர இத்தனை காலம் சென்றது.

4. மண்ணில் வேரூன்றிய முயற்சிகள்

தமிழகத்தில் தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் திருச்சபைகளும் இணைந்து 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை உருவாக்கின. தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்டமை அதன் முதற்சிறப்பு. மாணவர்கள் ஒரு காலம் வளாகத்தை விட்டு வெளியேறி, ஏழை மக்களின் குடியிருப்புகளில் வாழ்ந்து கற்கும் முறை அதன் மறுசிறப்பு. அங்குப் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு ஐயர் நாட்டுப்புற மக்களின் இசையைத் திருவழிபாட்டிற்குள் கொணர்ந்தார். சென்னைக் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் 1987இல் அரவிந்த் நிர்மல் தலைமையில் தலித் இறையியலுக்கெனத் தனித்துறை தொடங்கப்பட்டது. தென்னிந்தியத் திருச்சபையில் 1976இல் முதன்முதலாக ஒரு பெண் குருத்துவத் திருநிலை பெற்றார். இவை தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. யார் இறையியல் பேசலாம், எம்மொழியில் பேசலாம், எவருடைய துன்பத்தினின்று பேசலாம் என்னும் வினாக்களுக்குக் கிடைத்த விடைகள் இவை.

5. ஒரு வசனத்தைக் கற்றல்

இவையனைத்தும் நடைமுறையில் எங்ஙனம் ஒன்றுபடும் என்பதைக் கேளம்பாக்கத்து உப்பளத்தையே கொண்டு விளக்குவோம். மலைப்பொழிவில் ஆண்டவர் சீடரை உப்பு என்றார். சாரமற்றுப்போகும் உப்பைக் குறித்தும் எச்சரித்தார். மாணவர் கிரேக்க மூலத்தை நாடுகிறார். அங்குச் 'சாரமற்றுப்போதல்' என நாம் மொழிபெயர்க்கும் வினைச்சொல்லின் அடிப்படைப் பொருள் 'மூடத்தனமாதல்' என அறிகிறார். மாற்கு நற்செய்தியில் வேறொரு சொல் வருவதையும் ஒப்பிட்டுக் காண்கிறார். அடுத்து விளக்கவுரைகளை நோக்குகிறார். சாக்கடற் பகுதியின் உப்பு வேறு தாதுக்களோடு கலந்திருந்தது. ஈரம் பட்டு உப்பு கரைந்தபின் சுவையற்ற எச்சமே நின்றது எனப் பலர் கூறுவர்.

இவ்வளவில் நூலகத்தின் பணி முடிகிறது. இனி அவர் உப்பளத் தொழிலாளரிடம் செல்லவேண்டும். பாத்தியில் தேங்கும் உவர்நீரில் முதலில் சுண்ணமும் ஜிப்சமும் படியும். அதன்பின்னரே உப்பு மணி விளையும். எஞ்சும் கசப்பு நீரை உரிய நேரத்தில் வடித்து விடாவிடில் உப்பு கசந்து ஈரமாகிவிடும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவர். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் மூழ்கும்; வேலை நிற்கும்; கூலியும் நிற்கும். உப்பு கரைந்துபோவது அவர்களுக்கு உவமையன்று. அடுப்பெரியாத நாட்களின் பெயர்.

இப்பொழுது அந்த மாணவர் என்ன அருளுரை ஆற்றுவார்? கிரேக்கச் சொல்லை மட்டும் விளக்கினால் அவர் கற்றவரெனப் பாராட்டப்படலாம். ஆனால் மழைக்காலத்தில் அவ்வுரை எவருக்கும் உதவாது. தொழிலாளரின் துயரை மட்டும் எடுத்துரைத்தால் அது இரக்கவுரையாகும், நற்செய்தியாகாது. பிறருக்குச் சுவையூட்ட வெயிலில் உழைத்தும் தம் வாழ்வில் சுவை காணாதவரை நோக்கி, "நீங்களே உப்பு" என ஆண்டவர் கூறுவதன் வியப்பை அவர் உணரவேண்டும். உணர்ந்தபின், அடுக்குமாடியில் வாழும் சபையாரிடம், மழைக்காலத்தில் உப்பளத்தாரை மறக்கும் சபையே சாரமற்ற உப்பு எனச் சொல்லும் துணிவும் அவருக்கு வேண்டும். மூலமொழி, வரலாறு, கோட்பாடு, அருட்பணி நெறி ஆகிய துறைகள் அனைத்தும் அந்த ஓர் உரையில் ஒன்றாகின்றன.

6. நம் முன் நிற்கும் பொறுப்பு

ஆகவே மாணவர்க்கு நாம் கூறுவது இது: கிரேக்க இலக்கணத்தை மனனம் செய்யும் இரவும் ஊழியமே. அதனை வீணெனக் கருதிச் சோர்வடையாதீர்கள். ஆனால் பட்டத்தின் பயனால் உங்களை ஈன்ற மக்களின் பேச்சு உங்களுக்குக் கொச்சையாகத் தோன்றத் தொடங்குமாயின், கல்வி எங்கோ திசைமாறிவிட்டது என அறிந்துகொள்ளுங்கள்.

ஆயர்களாகிய நமக்கும் ஒரு கடமையுண்டு. திருநிலை பெற்ற நாளோடு நூல்களை மூடிவைத்துவிட்டு, பழைய குறிப்பேடுகளிலிருந்தே ஆண்டுதோறும் உரையாற்றுவது நம்மிடையே அரிதன்று. பேராலய நிருவாகமும் கட்டடப் பணியும் நம் நேரத்தை விழுங்கிவிடுகின்றன என்பது உண்மையே. எனினும் கற்பதை நிறுத்திய ஆயரிடம் சபை நெடுநாள் கற்கவியலாது. கிழமைக்கு ஒரு காலைப்பொழுதேனும் திருமறை ஆய்விற்கென ஒதுக்குவதும், அதன்பின் அப்பகுதியைச் சபையின் தொழிலாளர் ஒருவரோடு அமர்ந்து வாசிப்பதும் நம்மால் இயலாத செயல்களல்ல.

1938இல் தாம்பரத்தில் கூடியோர் தங்கள் குறையை மறைக்காது ஒப்புக்கொண்டனர். அதனால் வழி பிறந்தது. அதே நேர்மை இன்று நமக்கும் வேண்டும். கேளம்பாக்கத்து உப்பளங்களின் ஓரத்தில் வீடுகள் பெருகிவருகின்றன. புதிய சபைகளும் தோன்றுகின்றன. அங்கு ஆயரை எதிர்நோக்கியிருப்போர், அவர் எத்துணை நூல்களைப் படித்தார் எனக் கேட்கப்போவதில்லை. தங்களை அவர் படித்திருக்கிறாரா என்பதையே கேட்பர். இரண்டையும் படித்தவராக அவர் செல்லுமாறு ஆயத்தம் செய்வதே இறையியல் கல்லூரியின் பணி. அப்பணிக்குத் துணைநிற்பது திருச்சபை முழுவதின் கடன்.