நம்பிக்கை பரிமாறும் உணவு

பசி எடுத்தவுடன் உண்கிறோம் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், பசிக்கும் தட்டுக்கும் இடையே வேறொன்று வந்து நிற்கிறது. இவ்வுணவு உயர்ந்ததா, தாழ்ந்ததா? உடலுக்குச் சூடா, குளிர்ச்சியா? நம்மவர் உண்பதா, பிறர் உண்பதா? இக்கேள்விகளுக்கு விடை சொல்வது நாக்கு அன்று. நாம் வளர்ந்த வீடும் ஊரும் கற்றுக்கொடுத்த நம்பிக்கைகளே விடை சொல்கின்றன.

வட இந்திய வீடுகளில், தேர்வுக்குப் புறப்படும் பிள்ளைக்கு ஒரு கரண்டி தயிரும் சர்க்கரையும் ஊட்டி அனுப்புவதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். தயிரால் கணக்கு வந்துவிடாது. எனினும், வீட்டாரின் வாழ்த்தோடு செல்லும் பிள்ளை சற்று அமைதியான மனத்தோடு செல்கிறது. இத்தகைய நம்பிக்கையால் தீங்கு ஏதுமில்லை. ஆனால், எல்லா நம்பிக்கைகளும் இவ்வளவு எளியவை அல்ல.

கேழ்வரகின் கதையைப் பாருங்கள். கருநாடகத்தில் களியாகவும் உத்தராகண்டத்தில் மண்டுவா ரொட்டியாகவும் தலைமுறை தலைமுறையாக மக்களைக் காத்த தானியம் இது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய வெள்ளரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். ஆயினும், கேழ்வரகும் கம்பும் சோளமும் இந்தியில் ‘மோட்டா அனாஜ்’, அதாவது பருமட்டான தானியம், என்றே அழைக்கப்பட்டன. அரசு ஆவணங்களிலும் அதே பொருள் தரும் ஆங்கிலச் சொல்லே நெடுங்காலம் வழங்கியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெல்லுச்சோறு பண்டிகை நாளின் உணவாக இருந்த காலம் உண்டு. எனவே, கையில் சிறிது காசு வந்ததும் களியை விட்டுச் சோற்றுக்கு மாறுவது முன்னேற்றத்தின் அடையாளமாயிற்று. அரிசியிலும் எவ்வளவு வெண்மையோ அவ்வளவு மதிப்பு. அந்த வெண்மைக்காகத் தீட்டும்போது தவிட்டோடு தயமின் என்னும் உயிர்ச்சத்தின் பெரும்பகுதி போய்விடும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இம்மாற்றத்துக்கு மனம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1960களின் நடுப்பகுதியில் தொடங்கிய பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் பெருக்கியது. நியாய விலைக் கடைகள் அவற்றை மலிவாக வழங்கின. பஞ்சத்தின் அச்சம் நீங்கியதில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால், சிறுதானியங்கள் ஏழையின் உணவு என்னும் எண்ணம் முன்பே வேரூன்றியிருந்ததால், அவை தட்டிலிருந்து விலகியபோது வருந்தியவர் சிலரே.

2018ஆம் ஆண்டு இந்திய அரசு பழைய பெயரை நீக்கி, இவற்றை ‘ஊட்டத் தானியங்கள்’ என்னும் பொருள்பட அறிவித்தது. இந்தியா முன்மொழிய, 2023ஆம் ஆண்டைச் சிறுதானியங்களுக்கான பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது. இன்று அதே கேழ்வரகு, பெருநகரக் கடைகளில் வண்ண உறைகளில் அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறது. தானியம் மாறவில்லை, அதைப் பற்றிய எண்ணம் மாறியது. எண்ணம் மாறிய வேகத்தில் மிகைக்கூற்றுகளும் பெருகிவிட்டன. சிறுதானியம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொல்வாரை அதிகம் நம்ப வேண்டியதில்லை. முன்பு இகழ்ந்ததும் ஆராயாமல்தான். இப்போது புகழ்வதும் பெரும்பாலும் ஆராயாமல்தான்.

உணவைத் தேர்ந்தெடுப்பதில் பெயருக்குப் பங்கு உண்டு என்பதை எளிதில் ஏற்கலாம். உண்ட பின்பும் அதற்கு வேலை உண்டா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அலியா கிரம் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் இதனைச் சோதித்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். 46 பேருக்கு ஒரு வார இடைவெளியில் இருமுறை பால்பானம் கொடுத்தனர். ஒருமுறை அது 620 கலோரி கொண்ட கொழுமையான பானம் என்றும், மற்றொரு முறை 140 கலோரி மட்டுமே உள்ள அளவான பானம் என்றும் குறிப்புச்சீட்டு காட்டினர். இருமுறையும் அவர்கள் அருந்தியது 380 கலோரி கொண்ட ஒரே பானம். இரைப்பை சுரக்கும் கிரெலின் என்னும் இயக்குநீர் பசியைத் தூண்டுவது. வயிறு நிறைந்தபின் இரத்தத்தில் அதன் அளவு குறையும். கொழுமையான பானம் என்று நம்பி அருந்தியபோது அது நன்றாகக் குறைந்தது. அளவான பானம் என்று நம்பியபோது பெரிய மாற்றம் இல்லை. குடலும் குறிப்புச்சீட்டைப் படிக்கிறது போலும்!

இதிலிருந்து, நம்பினால் எதுவும் நடக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இன்றைய இமாசலப் பிரதேசத்தில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில் முன்கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. அங்குள்ள மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. மருத்துவ அறிஞர் இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956இல் அப்பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும் ஒன்றுக்குச் சாதாரண உப்பையும் வழங்கினர். சில ஆண்டுகளில் அயோடின் உப்பை உண்ட பகுதிகளில் கழலை பெரிதும் குறைந்தது, மற்றதில் குறையவில்லை. கருவுற்ற தாய்க்கு அயோடின் போதாவிடில் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். அக்குழந்தை பள்ளியில் படும் துன்பத்தை எந்த ஊக்கமொழியாலும் ஈடுகட்ட முடியாது. உப்பில் கலந்த அயோடின், உண்பவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் தன் வேலையைச் செய்யும்.

இனி, சற்றுக் கடினமான ஒன்று. கருவுற்ற பெண்கள் குறைவாக உண்ண வேண்டும் என்னும் நம்பிக்கை நம் நாட்டின் பல பகுதிகளில் இருந்து வருகிறது. மிகுதியாக உண்டால் குழந்தை பெருத்துப் பேறு கடினமாகும் என்பர். உணவும் குழந்தையும் ஒரே வயிற்றில் இடத்துக்குப் போட்டியிடும் என்பாரும் உளர். கருப்பை வேறு, இரைப்பை வேறு என்பது உங்கள் அறிவியல் பாடத்தில் உள்ளதே. தாய் போதிய அளவு உண்ணாவிடில் குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு மிகும். இரண்டரைக் கிலோகிராமுக்குக் குறைந்த எடையோடு பிறக்கும் குழந்தைக்கு நோயும் வளர்ச்சிக் குறைவும் எளிதில் வந்து சேரும்.

இதனை வெறும் அறியாமை என்று ஒதுக்குவோர், அந்நம்பிக்கை பிறந்த காலத்தை மறந்துவிடுகின்றனர். மருத்துவமனையும் அறுவை மருத்துவமும் எட்டாத ஊரில், பெரிய தலையோடு குழந்தை பிறப்புவழியில் சிக்கினால் தாயும் சேயும் இறக்க நேர்ந்தது. கண்ணெதிரே அதனைக் கண்ட மூதாட்டி, தன் மகளுக்கு ஒரு கவளம் குறைத்துப் பரிமாறியது அன்பினால்தான். ‘பாட்டிக்கு ஒன்றும் தெரியாது’ என்று பேசுவதால் அந்த அச்சம் போகாது. அருகில் மருத்துவமனை இருக்கிறது, பேறு கடினமானால் காக்க வழி இருக்கிறது என்று அவர் தம் கண்ணால் காணும்போதுதான் அச்சம் தளரும். அதன்பின் கவளமும் கூடும்.

அன்பிலிருந்து பிறக்காத நம்பிக்கைகளும் உள்ளன. அரசு தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் ஆணையிட்டது. பசியோடு அமரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே உணவை உண்பதும் ஒரு கல்விதான். ஆனால், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் சமைத்தார் என்பதற்காகத் தம் பிள்ளைகளை உண்ண விடாத பெற்றோர் சில ஊர்களில் இருந்தனர். சோற்றில் குறை இல்லை; சமைத்த கையைப் பற்றிய நம்பிக்கையில்தான் குறை. தட்டை ஒதுக்கிய பிள்ளை அன்று பசியோடு இருந்தது. ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பிள்ளையோ, தன்னை ஊர் எவ்வாறு காண்கிறது என்பதை அவ்வரிசையில் கற்றுக்கொண்டது.

அவ்வாறு கற்றுக்கொண்டது வகுப்பறைக்குள்ளும் வருமா? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இரு பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு இதனை ஆராய்ந்து, 2004இல் முடிவை வெளியிட்டனர். தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். தீர்க்கும் புதிருக்கேற்பப் பணம் உண்டு. சாதியைக் குறிப்பிடாமல் விளையாடச் செய்தபோது, உயர்த்தப்பட்ட சாதி மாணவர்களும் தாழ்த்தப்பட்ட சாதி மாணவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் புதிர்களைத் தீர்த்தனர். வேறு சில குழுக்களில், ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவருடைய பெயரையும் ஊரையும் சாதியையும் எல்லாரும் கேட்க உரக்கப் படித்தனர். அக்குழுக்களில் தாழ்த்தப்பட்ட சாதி மாணவர்கள் தீர்த்த புதிர்கள் குறைந்துபோயின. புதிர்கள் அவையே, பென்சிலும் தாளும் அவையே. கூடுதலாக இருந்தது, உரக்கப் படித்த அந்த ஒரு வரி மட்டுமே.