உஷார்! பன்றிக்கறி தொடாதவர் மூளையிலும் பன்றிப்புழு

தெருவில் ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளி விழுகிறான். பெரியவர்கள் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறார்கள். ஸ்கேன் எடுத்தால் மூளையில் சிறு கட்டி. காரணம், பன்றி நாடாப்புழுவின் முட்டை!

பாகாயத்துக்காரர்களே, இது எங்கோ நடக்கிற கதையல்ல. வேலூர் வட்டாரத்து ஊர்களிலும் நகரத்திலும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆய்வு நடத்தி, 2006-ல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வின்படி, வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழுதான்.

மனித மலம் கிடக்கிற இடத்தில் மேயும் பன்றி, அதிலுள்ள முட்டைகளையும் விழுங்கிவிடுகிறது. அதன் கறியில் புழு அரிசிமணி போல வெள்ளைக் கொப்புளமாகத் தங்குகிறது. அரைவேக்காட்டில் அதைத் தின்பவரின் குடலில் மீட்டர் கணக்கில் நீண்ட நாடாப்புழு வளர்கிறது. பெரும்பாலும் அவருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. ஆனால் மலத்தோடு விழும் புழுவின் ஒரே துண்டில் 50 ஆயிரம் முட்டைகள்கூட இருக்கலாம்!

ஆபத்து இங்கேதான். அவர் கை கழுவாமல் சட்னி அரைத்தாலும், சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த கீரையை நாம் சரியாக அலசாமல் தின்றாலும் முட்டை நம் வயிற்றுக்குள் போய்விடும். அதிலிருந்து வெளிவரும் இளம்புழு குடலைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, மூளை வரை போகும். சுத்த சைவக் குடும்பத்துக்கும் விலக்கில்லை.

உடனே செய்ய வேண்டியவை:

• கழிப்பறை போனபின்னும் சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

• பச்சையாகத் தின்னும் காய், கொத்தமல்லியை ஓடும் தண்ணீரில் பலமுறை அலசுங்கள்.

• பன்றிக்கறியை உள்ளே சிவப்பில்லாமல் வேகவையுங்கள். வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் வாங்காதீர்கள்.

• மலத்தில் வெள்ளை நாடாத் துண்டு தெரிந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள். வலிப்பு வந்தவர்கள் தாங்களாகப் புழு மாத்திரை போடவே கூடாது. மூளையில் வீக்கம் கூடிவிடலாம்.

• வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்து, இரும்பு எதுவும் கொடுக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸுக்கு 108.

• பன்றி வளர்ப்பவர்களே, பட்டியில் அடைத்துத் தீனி போடுங்கள்.

பன்றியை விரட்டினால் மட்டும் போதாது. அதற்கு முட்டையைக் கொடுப்பதே மனித மலம்தான். வீட்டில் கழிப்பறை இருந்தும் பிள்ளையைச் சாக்கடை ஓரம் உட்கார வைக்கிறீர்களா? இன்றே நிறுத்துங்கள்!