வடதுருவ வட்டத்தருகே ஒரு தேர்தல்

தேர்தல் என்றதும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பள்ளி விடுமுறையாகத்தான் இருக்கும். உங்கள் வகுப்பறையே அன்று வாக்குச் சாவடியாகிவிடுகிறது. மறுநாள் நீங்கள் போகும்போது பெஞ்சுகள் இடம் மாறிக் கிடக்கும். சுவரில் சாவடியின் எண் ஒட்டியிருக்கும்.

இனி வேறொரு சாவடியைக் கற்பனை செய்து பாருங்கள். அந்த ஊருக்குச் சாலை கிடையாது. வாக்குச் சீட்டும் பெட்டியும் சிறு விமானத்தில் வரவேண்டும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகைக் குளிர். வாக்களிக்க வேண்டியவர்களோ நூறு பேருக்கும் குறைவு. கனடா நாட்டின் வடமேற்குப் பிரதேசத்தில் இப்படிப்பட்ட ஊர்கள் சில உண்டு.

நிலப்படத்தை எடுத்து 60 பாகை வடக்கு அட்சரேகைக்கு மேலே பாருங்கள். அப்பிரதேசத்தின் பரப்பு சுமார் 13 லட்சத்து 46 ஆயிரம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் பத்து மடங்கு! மக்கள் தொகையோ 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 41,070 தான். ஆளுக்கு ஏறத்தாழ 33 சதுர கிலோமீட்டர் வீதம் பங்கிட்டுக் கொடுக்கலாம். இவர்களில் பாதிப்பேர் தலைநகரான எல்லோநைஃபில் வசிக்கிறார்கள். மற்றவர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் சிதறியிருக்கிறார்கள். ஆட்சிமொழிகள் மட்டும் பதினொன்று.

இங்கே சட்டமன்றத்துக்கு 19 உறுப்பினர்கள். கட்சிகள் இல்லை. எல்லாரும் தனித்தனியே நின்று வென்று வருகிறார்கள். பிறகு கூடி, தங்களுக்குள் இரகசிய வாக்கெடுப்பு நடத்தி முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சியே இல்லாத இடத்தில் நடுநிலையான தேர்தல் அமைப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் சிற்றூரில் வேட்பாளர் என்பவர் யார்? பக்கத்து வீட்டுக்காரர், அல்லது மாமன், மைத்துனன். எண்ணுகிறவருக்கும் எண்ணப்படுகிறவருக்கும் உறவு இருக்கக்கூடும். ஒவ்வொரு வாக்குக்கும் எடை மிக அதிகம். அண்டைப் பிரதேசமான நுனாவுத்தில் 2013ஆம் ஆண்டு ராங்கின் இன்லெட் தெற்குத் தொகுதியில் இருவர் சரிசமமாக வாக்குப் பெற்றார்கள். 2014 பிப்ரவரியில் மீண்டும் தேர்தல் வைத்துத்தான் முடிவு கண்டார்கள்.

ஆகவே தேர்தலை நடத்தும் பொறுப்பு அமைச்சர்கள் கையில் இல்லை. தலைமைத் தேர்தல் அதிகாரி என்ற ஒருவரிடம் அது ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சட்டமன்றத்தின் பரிந்துரையின் பேரில் நியமிக்கப்படும் இவர், எந்த அமைச்சருக்கும் கீழ்ப்பட்டவரல்லர். வாக்காளர் பட்டியல், வாக்குச் சீட்டு, சாவடி, எண்ணிக்கை யாவும் இவருடைய அலுவலகத்தின் வேலை.

ஆனால் இவருக்கு மேலே இன்னோர் அதிகாரி இருக்கிறார். அவர் பெயர் இயற்கை.

பனிக்கட்டியின் கணக்கு

கோடையில் அப்பிரதேசத்தின் சில நெடுஞ்சாலைகள் ஆற்றங்கரையில் வந்து நின்றுவிடும். வாகனங்களைப் பெரிய படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். குளிர்காலத்திலோ படகே வேண்டாம். உறைந்த ஆற்றின் மீதே லாரி ஓடும். தொல்லையெல்லாம் இடைப்பட்ட வாரங்களில்தான். படகு ஓட முடியாதபடி பனிக்கட்டி மிதக்கும். வண்டியைத் தாங்கும் வலிமை அதற்கு வந்திராது.

ஆள் நடக்க 10 சென்டிமீட்டர் தடிப்பு வேண்டும். கார் செல்ல 20 முதல் 30 வரை வேண்டும். 10 செ.மீ. உறைந்துவிட்டால் அதைப்போல் மூன்று மடங்கு காலத்தில் 30 செ.மீ. ஆகிவிடுமா? ஆகாது. பனிக்கட்டி அடிப்பக்கமாக வளர்கிறது. கீழே உள்ள நீர் உறைய வேண்டுமானால் அதன் வெப்பம் மேலே உள்ள பனிக்கட்டியின் வழியே வெளியேற வேண்டும். பனிக்கட்டியோ வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. தடிக்கத் தடிக்க வழி அடைபடுகிறது. குளிர் ஒரே அளவாக இருந்தால், தடிப்பு காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மூன்று மடங்கு தடிப்புக்கு ஒன்பது மடங்கு காலம்! (என் வகுப்பில் இதை முதல் தடவையில் சரியாகச் சொன்ன மாணவர்கள் குறைவு.) நாளாக ஆகக் குளிர் கடுமையாவதால் நடைமுறையில் இவ்வளவு தாமதம் ஆகாது. மேலே நீரை இறைத்து உறையவிட்டும் சாலையை விரைவாகத் தடிக்க வைப்பார்கள். இருந்தாலும் பல வாரங்கள் சாலைப் போக்குவரத்து அறுபட்டுத்தான் கிடக்கும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 2023ஆம் ஆண்டுத் தேர்தல் தேதியைப் பாருங்கள்: அக்டோபர் 3. படகுகள் இன்னும் ஓடும் காலம். பகலும் இரவும் ஏறக்குறைய சமம். வடக்கே தேர்தலுக்கு இதைவிடத் தோதான நாள் அரிது.

தீ வந்தது

அந்த ஆண்டுக் கோடையில் காடுகள் பற்றி எரிந்தன. ஆகஸ்டில் ஊர் ஊராக வெளியேற்றினார்கள். எண்டர்பிரைஸ் என்ற சிற்றூரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. கண்ணாடியிழைத் தடம் தீயில் சேதமுற்றதால் தெற்குப் பகுதி ஊர்கள் சிலவற்றில் தொலைபேசியும் இணையமும் அறுந்தன. ஆகஸ்ட் 16ஆம் நாள் எல்லோநைஃபின் சுமார் 20,000 மக்களும் வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. பிரதேசத்தின் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டில் இல்லை. பலர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஆல்பெர்ட்டா மாநிலத்தில் தங்கியிருந்தார்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் பிரசாரம் ஆரம்பமாக வேண்டும். யார் யாரிடம் வாக்குக் கேட்பது? தேர்தல் அலுவலர்களே அகதிகளாயிருந்தார்கள்!

இணைய வழி இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். வெளியூரில் இருக்கும் வாக்காளர்களுக்காக 2019ஆம் ஆண்டே இங்கு இணைய வாக்களிப்பு வந்துவிட்டது. கனடாவின் மாநிலங்களிலும் பிரதேசங்களிலும் இதுவே முதல். ஆனால் அறுந்த கம்பி வழியே வாக்கு செல்லாது. செயற்கைக்கோளை நம்பலாமா? நிலநடுக்கோட்டின் மேலே நிலைத்து நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள், சென்னையில் கிட்டத்தட்ட 75 பாகை உயரம் வரை தெரியலாம். எல்லோநைஃபில் மிஞ்சிப்போனால் 19 பாகை. வடக்கே போகப் போக அது அடிவானத்தை நோக்கி இறங்கும். ஒரு குன்று குறுக்கிட்டாலும் போதும், தொடர்பு போயிற்று. தாழ்வான பாதைகளில் சுற்றும் இக்காலச் செயற்கைக்கோள்கள் இக்குறையைப் பெருமளவு நீக்கியிருக்கின்றன. எனினும் ஊரைவிட்டு ஓடியவர் கையில் அதற்கான கருவி இருக்க வேண்டுமே!

தேர்தலைத் தள்ளிவைக்கலாம் என்று தலைமைத் தேர்தல் அதிகாரி ஸ்டீஃபன் டன்பார் பரிந்துரைத்தார். அவராகவே தேதியை மாற்றிவிட முடியாது. தேதி சட்டத்தில் எழுதப்பட்டது. மாற்றக்கூடியவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். ஆனால் தேதி தள்ளினால் நீள்வது அவர்களுடைய பதவிக்காலமும்தான்! தன் பதவியைத் தானே நீட்டிக்கொள்ளும் எந்த மன்றத்தையும் மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. இவ்விடத்தில்தான் அந்தச் சுதந்திர அலுவலகத்தின் அருமை எனக்குப் புரிகிறது. போட்டியிடாத ஒருவர், தள்ளிவைப்பதால் ஒன்றும் பெறாத ஒருவர், அது தேவை என்று சொல்கிறார். அவர் சொல்லுக்கு வேறு எடை உண்டு. ஆகஸ்ட் 28ஆம் நாள் சட்டமன்றம் அவசரமாகக் கூடி நவம்பர் 14க்குத் தேர்தலை மாற்றியது. சரியாக ஆறு வாரம்.

ஆறு வாரம் என்பது நமக்குச் சிறிய காலம். அங்கே அப்படியில்லை. வடதுருவ வட்டத்துக்கு உட்பட்ட இனுவிக் நகரில் அக்டோபர் 3ஆம் நாள் பகல் சுமார் 11 மணி நேரம். நவம்பர் 14இல் சுமார் 5 மணி நேரம்! பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதன் விளைவு இது. இன்னும் வடக்கே, பாங்க்ஸ் தீவில் உள்ள சாக்ஸ் ஹார்பரில் அன்று சூரியன் நண்பகலையொட்டிச் சற்றே எட்டிப்பார்த்துவிட்டு மறைந்துவிடும். ஆறுகளிலோ, நாம் கண்ட அந்த இரண்டுங்கெட்டான் வாரங்கள். நெருப்பிடமிருந்து தப்பிய தேர்தல் பனியின் கையில் போய் விழுந்தது என்றே சொல்லலாம்.

வேறு வழி இருந்ததா? இன்னும் தள்ளினால் நடுக்குளிர்காலம். மன்றத்தின் ஆயுளும் அளவுக்கு மீறி நீளும். முன்னதாக வைத்தால் வீடு திரும்பி ஒரு மாதம்கூட ஆகாதவர்கள் வாக்களிக்க நேரும். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் எதைப் பரிந்துரைத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததுண்டு. நவம்பர்தான் என்று தோன்றுகிறது. நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

தேர்தல் நவம்பர் 14இல் நடந்து முடிந்தது. புதிய உறுப்பினர்கள் டிசம்பரில் கூடி ஹே ரிவரைச் சேர்ந்த ஆர். ஜே. சிம்ப்சனை முதலமைச்சராகத் தேர்ந்தெடுத்தார்கள். தீக்கு அஞ்சிக் காலிசெய்யப்பட்ட ஊர்களில் ஹே ரிவரும் ஒன்று. அடுத்த தேர்தல் சட்டப்படி 2027 அக்டோபரில் வரவேண்டும். உறைபனி வழக்கமான காலத்தில் வந்தால், அப்போது படகுகள் ஓடிக்கொண்டிருக்கும்.